சனி, ஞாயிறு மட்டும் வரும் தலைவலி

ஒரிஸ்யா இருபத்தோரு வருடமாக எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். ஜனவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில், மைனஸ் முப்பத்துநாலு டிகிரி குளிரில், ஆறு வயது டெஸ்ஸா நிற்கும் இடத்தைத் தாண்டி அவள் பேருந்து நிற்காமல் போய்விட்டது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பார்த்து ஏற்றிக்கொள்ளும்வரை கால் மணி நேரம் குழந்தை பனியில் நின்றாள். மூக்கு நுனி மட்டும் வெளுத்துப்போனதோடு தப்பித்தாள்.

அன்று சாயங்காலமே ஒரிஸ்யா பள்ளி அலுவலகத்தின் மேஜையில் பேருந்துச் சாவியை வைத்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் வைத்தாள். "என் புத்தி எங்கேயோ போகுது. என்னன்னு தெரியுற வரைக்கும் ஓட்ட மாட்டேன்" என்றாளாம். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுடைய பெரியம்மா ஐம்பத்தைந்தில் தன் பெயரையே மறந்து போனவர். டாக்டர் புதன்கிழமை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். குறை இல்லை என்றால் அது இன்னும் பயம்தானே? அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டம். அதில் பேருந்தை வேறு ஆளுக்குக் கொடுப்பதா, இவளுக்கே திருப்பிக் கொடுப்பதா என்று முடிவு செய்வார்கள்.

இதில் எனக்கென்ன வேலை என்று கேட்கலாம். என் பெயர் டார்கா. டாஃபின் ஏரிக்கு வடக்கே இருக்கும் நாலு ஊர்களுக்கும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மாட்டுகிறவள் நான்தான். இருபத்திரண்டு வருடமாக மாட்டுகிறேன். இந்தப் பக்கத்தில் ஒருவர் வீட்டு வரவேற்பறையை நான் பார்த்திருக்க மாட்டேன், ஆனால் நிலவறையைப் பார்த்திருப்பேன். யார் எங்கே சாராயம் ஒளித்து வைக்கிறார்கள் என்பது பாதிரியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரம் மளிகைக் கடையில் ஒரிஸ்யாவைப் பார்த்தேன். அவள் நாத்தனார் ஹலீனாவும் உடன் இருந்தாள்.

"சனிக்கிழமை காலைல நல்லாத்தான் எழுந்திருக்கேன் டார்கா. மத்தியானத்துக்குள்ள தலை இரும்பு மாதிரி கனக்குது. வயித்தைப் பெரட்டுது. ஞாயித்துக்கிழமை முழுக்க அப்படித்தான். திங்கக்கிழமை மெதுவா வெளுக்குது" என்றாள் ஒரிஸ்யா.

"அது வேற ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புருஷன் ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பிடறான். ஞாயித்துக்கிழமைதான் வர்றான். இவளுக்கு ஏக்கம்! கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆச்சு, இன்னும் புதுப்பொண்ணு" என்றாள் ஹலீனா.

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஒரிஸ்யாவும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வீட்டில் இருந்தால் தலைவலி, வெளியே போனால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் என் தொழிலில் இருப்பவர்கள் உடனே வாயு மீட்டரைத் தேடுவார்கள். கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு அப்படித்தான் பிடிக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. போதாத காற்றில் எரியும் தீயிலிருந்து அது வரும். அந்த வீட்டில் அக்டோபரில் புது ஃபர்னஸ் மாட்டியது நான்தான்.

அன்றைக்குச் செய்த வேலை ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. பழைய ஃபர்னஸும் எரிவாயுத் தீயில் சூடாகும் வெந்நீர் டாங்க்கும் ஒரே செங்கல் புகைபோக்கியில் புகை விட்டுக்கொண்டிருந்தன. புது ஃபர்னஸுக்குத் தனிக் குழாய்கள். சுவர் வழியாக வெளியிலிருந்து காற்றை இழுத்து, சுவர் வழியாகவே வெளியே விட்டுவிடும். ஆகவே செங்கல் புகைபோக்கியில் வெந்நீர் டாங்க் மட்டும் தனியாளாக நின்றது. அதன் சின்னப் புகைக்கு அவ்வளவு பெரிய புகைபோக்கி ஆகாது. புகை பாதி வழியில் குளிர்ந்து திரும்பிவிடும். அதனால் உள்ளே குறுகலான உலோகக் குழாய் ஒன்றை இறக்கினேன். டாங்க்கின் தீக்கு வெளிக்காற்று வர, சுவரிலிருந்து கீழே இறங்கும் இன்னொரு குழாயும் வைத்தேன். அறைகளுக்குச் சூடு கொண்டுபோகும் தகரக் குழாய்களின் இணைப்புகளில் எல்லாம் சாம்பல் நிறப் பசையைக் கையால் பூசினேன். ஃபர்னஸுக்குத் திரும்பி வரும் குழாயில் ஓட்டை இருந்தால் அது நிலவறைக் காற்றை உறிஞ்சி வீடு முழுக்கப் பரப்பும். அதனால் அதை இரண்டு முறை பார்த்தேன். எரிவாயு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன், ஒரு குமிழிகூட வரவில்லை.

கடைசியாக என் கண்ணாடிச் சோதனை. வீட்டின் சன்னல் கதவுகளைச் சாத்தி, சமையலறை விசிறி, குளியலறை விசிறி, துணி உலர்த்தி எல்லாவற்றையும் ஓடவிடுவேன். அவை எல்லாம் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறவை. அப்போது வெந்நீர் டாங்க்கின் தலையில், புகை மேலேறும் இடத்தில், ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடிப்பேன். புகை ஒழுங்காக மேலே போனால் கண்ணாடி தெளிவாக இருக்கும். கீழே திரும்பி வந்தால் மூச்சு விட்டது போல மங்கும். அன்றைக்குக் கண்ணாடி தெளிவாகவே இருந்தது.

கடையிலிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அன்று திங்கட்கிழமை. ஸெனோன் கதவைத் திறந்தான். அவன் ஒரிஸ்யாவின் கணவன், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவன். பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பதைத் தவிர அவனுக்கு வேறு மதம் கிடையாது.

"என்ன, தலைவலிக்கெல்லாம் ஃபர்னஸ்காரி வருவாளா? அவளுக்கு என்னைப் பிரிஞ்சு இருக்க முடியல, அவ்வளவுதான்" என்றான். மீசையில் ஒரு பெருமை.

"உன்னைப் பிரிஞ்சா தலைவலி போகணும் ஸெனோன், வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

எல்லா விசிறிகளையும் ஓடவிட்டேன். கண்ணாடி தெளிவாக இருந்தது. வாயு மீட்டரில் பூஜ்யம். சுவரில் நான் மாட்டிய எச்சரிக்கை மணியும் ஒழுங்காக வேலை செய்தது. வியாழக்கிழமை மறுபடி போனேன். மறுபடி பூஜ்யம். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற கதையாகிவிட்டது.

என் கணவராக இருந்தவர் ஒருமுறை சொன்னார்: "உன் மூக்கை ஒரு இடத்துல நுழைச்சா அது வீங்குற வரைக்கும் எடுக்க மாட்டே." உண்மைதான். வியாழன் முழுக்க அந்தத் தலைவலியையே நினைத்துக்கொண்டிருந்தேன். தீ எல்லா நாளும் எரிகிறது. குழாய்கள் எல்லா நாளும் அங்கேயே இருக்கின்றன. தகரத்துக்குக் கிழமை தெரியுமா? வாரக் கடைசியில் மட்டும் அந்த வீட்டில் எது மாறுகிறது? புருஷன் மாறுகிறான், ஆளைக் காணோம். அதைத் தவிர என்ன?

எச்சரிக்கை மணி அடிக்காததைப் பற்றியும் யோசித்தேன். ஆளைச் சீக்கிரம் கொல்லும் அளவு வந்தால் அது அலறும். நாள் முழுக்க மெதுவாகத் தலையைக் கிறுகிறுக்க வைக்கும் அளவுக்கு அது வாய் திறக்காது. ஆகவே மணி அடிக்கவில்லை என்பதற்காக நான் நிம்மதியாக இருக்க முடியாது. ஒருவேளை என் வேலையே அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தால்? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அதை மறைப்பானேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். சமையலறை முழுக்க ஆவி. ஒரிஸ்யா முழங்கை வரை மாவோடு நின்றாள். தேவாலய விற்பனைக்காக உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பிரோகிக் கொழுக்கட்டை செய்துகொண்டிருந்தாள். எங்கள் தேவாலயத்தில் ஒருத்தி ஐம்பது டஜன் செய்யாவிட்டால் மறுவாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அடுப்பில் இரண்டு அண்டா கொதித்தன. மேலே விசிறி முழு வேகத்தில் ஓடியது. கீழே துணி உலர்த்தி கடகடத்தது.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"ஆறு மணிலேர்ந்து. ஏன், மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"உங்க மொகத்தைக் கண்ணாடில பாருங்க. தலைவலிக்குதா?"

"இப்பதான் ஆரம்பிக்குது."

மீட்டரை எடுத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டியது நாற்பத்தெட்டு காட்டியது. நிலவறைக்கு ஓடினேன். கண்ணாடியை டாங்க்கின் தலையில் பிடித்த மறுகணம் அது மங்கிவிட்டது. புகை மேலே போகவே இல்லை. விசிறியும் உலர்த்தியும் வீட்டுக் காற்றை வெளியே தள்ள, அந்தக் காலி இடத்தை நிரப்பக் காற்று புகைபோக்கி வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, புகையையும் வாயுவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. ஆனால் அதற்காகத்தானே வெளிக்காற்று வரத் தனிக் குழாய் வைத்திருக்கிறேன்? திரும்பிப் பார்த்தேன். சுவரிலிருந்து இறங்கும் அந்தக் குழாயின் வாயில் ஒரு கம்பளித் தொப்பி திணித்திருந்தது. குழாய்க்குக் கீழே வெறும் தரை.

அங்கே ஒரு வாளி இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வெளியிலிருந்து வரும் குளிர்காற்று கனமானது. குழாயின் நுனியை ஒரு வாளிக்குள் இறக்கி வைத்தால் அது தண்ணீர் மாதிரி வாளிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். தீக்குக் காற்று தேவைப்படும்போது மட்டும் விளிம்பு தாண்டி வரும். வாளி இல்லாவிட்டால் மைனஸ் முப்பது டிகிரி காற்று நிலவறைத் தரையில் நாள் முழுக்கக் கொட்டும்.

தொப்பியைப் பிடுங்கி எறிந்தேன். டாங்க்கை அணைத்தேன். மேலே வந்து எல்லா விசிறியையும் நிறுத்தி, கதவுகளை விரியத் திறந்து, ஒரிஸ்யாவைக் கோட்டோடு வாசற்படியில் உட்கார வைத்தேன்.

"வாளி எங்கே?"

"எந்த வாளி?"

"குழாய்க்குக் கீழே நான் வச்ச வெள்ளை வாளி!"

"அதுவா? அது ஸெனோனோட மீன் வாளி. இப்ப ஏரியில அது மேலதான் உக்காந்திருப்பான்."

அக்டோபரில் நான்தான் அவர்கள் கொட்டகையில் அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு வாளியைத் தூக்கி வந்து வைத்தேன். அப்போது ஏரி உறையவில்லை, அவன் தேடவில்லை. டிசம்பரில் பனி கெட்டியானதும் தேடியிருக்கிறான். அதில்தான் அவனுக்கு அதிர்ஷ்டமாம். நிலவறையில் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நல்ல மனுஷன், திரும்பி வந்ததும் கழுவி அதே இடத்தில் வைத்துவிடுவான்.

"அவன் எடுத்துட்டுப் போனா தரை ஐஸா ஆயிடுது. கீழே முட்டைக்கோஸ் ஊறுகாய் இருக்கு, ஒறைஞ்சு போகும். அதனால தொப்பியைச் சொருகுவேன். நீதான் குழாயை எப்பவும் மூடக்கூடாதுன்னு சொன்னியே, அதான் அவன் வாளியைக் கொண்டாந்ததும் மறக்காம எடுத்துருவேன். ரெண்டு நாள்தானே டார்கா!" என்றாள் ஒரிஸ்யா.

"அந்த டெஸ்ஸா விஷயம் நடந்த வாரம்? ஸெனோன் எப்ப வந்தான்?"

அவள் யோசித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "பனிப்புயல். திங்கக்கிழமை மத்தியானம்தான் வந்தான்."

அப்படியென்றால் அந்த வாரம் திங்கட்கிழமை விடியும்வரை தொப்பி குழாயில்தான் இருந்திருக்கிறது. சனிக்கிழமையிலிருந்து அந்தக் காற்றையே சுவாசித்துவிட்டு, நேரே பேருந்தில் ஏறியிருக்கிறாள்.

"அப்ப என் புத்தி நல்லாத்தான் இருக்கா?" என்றாள். மாவுக் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளையானது.

"உங்க புத்திக்கு ஒண்ணுமில்ல. கூட்டத்துல சொல்லுவோம், சாவியைக் குடுத்துருவாங்க."

அவள் தலையை ஆட்டினாள். "டெஸ்ஸாவைப் பனியில விட்டுட்டுப் போனது நான்தான். வாயுவா பஸ்ஸை ஓட்டுச்சு? நடந்ததைச் சொல்லுவேன். சாவியைக் கேக்க மாட்டேன்."

ஸெனோனுக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் வாளியும் கையுமாக வந்து நின்றான். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளிறியது. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து என் காதோரம் வந்து, "அப்ப... என்னைப் பிரிஞ்ச ஏக்கம் இல்லையா?" என்றான். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவன் கண்ணில் நீர் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இந்த முறை, கலைந்து போவதற்குள் பார்த்ததால், ரத்தத்தில் வாயு தெரிந்தது. அதற்குள் நான் குழாயின் நுனியைத் தகரத்தாலேயே மேல்நோக்கி வளைத்து, வாளி தேவைப்படாதபடி சுவரோடு திருகி முடுக்கிவிட்டேன். அக்டோபரிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக யாரும் தூக்கிப் போகக்கூடிய ஒரு சாமானை நம்பி உயிரை வைத்துவிட்டு வந்துகொண்டிருந்திருக்கிறேன், அதுவும் வீட்டுக்கு வீடு வாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகும் ஊரில்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளி நூலகத்தில் கூட்டம். இருபது பேர் இருப்பார்கள், குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகளில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரிஸ்யா கடைசி வரிசையில். டெஸ்ஸாவின் அம்மா ஷானா முதலில் எழுந்தாள்.

"எனக்கு யார் மேலயும் பகை இல்ல. ஆனா என் பொண்ணு கால் மணி நேரம் நின்னா. இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா? மறுபடி இவங்க கையில என் குழந்தையைக் குடுன்னு என்கிட்ட கேக்காதீங்க" என்றாள். நியாயமான பேச்சு.

ஒரிஸ்யா எழுந்து நடந்ததைச் சொன்னாள். சொன்னபடியே சாவியைக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்தேன்.

"தப்பு என்னோடது. நகர்த்த முடியாதபடி மாட்டியிருக்கணும், மாட்டல. வேலையைத் தப்பா பண்ணினது நான், தண்டனை அவங்களுக்கா?"

பின்னாலிருந்து யாரோ, "மீன் வாளியா? ஸெனோனா?" என்று சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"சிரிக்கிறீங்களா? உங்க வீட்டுல எத்தனை பேருக்கு அந்தக் குழாய் வாளியில நிக்குது? கையைத் தூக்குங்க."

பதினோரு கை எழுந்தது.

"இந்தக் குளிர்காலத்துல அந்த வாளியை யாராவது ஏரிக்குக் கொண்டு போனீங்களா?"

சிரிப்பு நின்றது. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் முதலில் கையைத் தூக்கினார். பிறகு இன்னொன்று, இன்னொன்று. ஐந்து.

"வாளி இல்லாதப்போ குழாயை யாராவது அடைச்சீங்களா?"

இதைப் பெண்களைப் பார்த்துக் கேட்டேன். ஹலீனா தரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினாள். அப்போது ஷானா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கையைத் தூக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

"என் புருஷன் கார்ஸன் ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போனான். வாளி இன்னும் ட்ரக்லயே கெடக்குது. நான் குளியல் துண்டை... டெஸ்ஸா இன்னைக்கு ஸ்கூலுக்கு வரல. தலைவலின்னு படுத்திருக்கா."

"போன் போடு. குழந்தையைத் தூக்கிக்கிட்டு இப்பவே பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்லு. எதையும் அணைக்க வேண்டாம், எதையும் எடுக்க வேண்டாம்" என்று கத்தினேன்.

ஷானா போனில் அதையே திருப்பிக் கத்தினாள். மறுமுனையில் கார்ஸன் ஓடுவதும் கதவு அறைவதும் எங்களுக்குக் கேட்டது. டெஸ்ஸாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், மறுநாள் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் ஐஸ்கிரீம் கேட்டாளாம். ஆனால் அந்த நூலகத்தில் அந்த நிமிடம் அது யாருக்கும் தெரியாது.

நான் மீட்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஷானா தன் கார்ச் சாவியைப் பையிலிருந்து எடுத்தாள். அது கீழே விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. ஒரிஸ்யா பின்வரிசையிலிருந்து வந்து கோட்டை எடுத்து ஷானாவின் தோளில் போட்டாள்.

ஷானா சாவியைப் பொறுக்கி ஒரிஸ்யாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"நீங்க ஓட்டுங்க" என்றாள்.